விறகு இருப்பு மதிப்பீடு (உயிர்ப்பொருள் மின்நிலையம்)

விறகை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையத்தை நிறுவுமுன், சுற்றுவட்டாரத்தில் ஆண்டுதோறும் எவ்வளவு மரம் தடையின்றிக் கிடைக்கும் என்று கணிக்கும் ஆய்வு. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பகுதிகளில் இது பெரும்பாலும் சீமைக் கருவேலத்தைப் பற்றியது.

தேவையைக் கணக்கிடுவது எளிது. 1 யூனிட்டுக்குச் சுமார் 1.3 கிலோ விறகு என்றால், 10 மெகாவாட் நிலையம் 80 விழுக்காடு திறனில் இயங்க ஆண்டுக்கு ஏறத்தாழ 90,000 டன் வேண்டும்.

இருப்பை அறிவதுதான் கடினம். செயற்கைக்கோள் படம் முள்காட்டின் பரப்பைத்தான் காட்டும். எடையை அறிய மாதிரித் திட்டுகளை வெட்டி நிறுக்க வேண்டும். நின்ற மரம் முழுவதையும் இருப்பாகக் கொள்வது பெரும் பிழை. வெட்டிய கட்டை மீண்டும் தழைத்து விறகாகச் சில ஆண்டுகள் ஆகும். ஆண்டுதோறும் சேரும் அந்த வளர்ச்சியே உண்மையான வரவு. அதிலும் கரிமூட்டம், செங்கல் சூளை, வீட்டு அடுப்பு ஆகியவற்றின் பங்கைக் கழிக்க வேண்டும். ஏழை வீட்டு அடுப்பை மறக்கும் கணக்கு நேர்மையானதல்ல. ஈரப்பதம் கூடினால் எரிதிறன் குறையும். வடகிழக்குப் பருவமழையில் கரிசல் நிலத்துக்குள் டிராக்டர் இறங்காது. ஆகவே மழைக்காலத்துக்கான சேமிப்பும் மதிப்பீட்டில் அடங்கும்.