நீரோட்டமும் மனிதனின் காலும் - ஃபின்ஸ் பிறந்த கதை

கம்பம் பள்ளத்தாக்கின் தலைப்பில் இருக்கும் லோயர் கேம்பில் கடல் கிடையாது. ஆனால் தண்ணீரின் வேகத்தை இந்த ஊருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1895-ல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்து வந்து, ராட்சதக் குழாய்களில் இறங்கி, இங்குள்ள மின் நிலையத்தின் டர்பைன்களைச் சுற்றுகிறது. இப்படி ஓடும் தண்ணீரை மனிதன் காலால் எதிர்க்க முடியுமா? கடலில் மூழ்குகிறவர்கள் இதற்கு என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் காலில் எதையும் மாட்டவில்லை. கல்லைக் கட்டிய கயிற்றில் கால் வைத்து இறங்கினார்கள். படகில் இருந்தவர் கயிற்றை இழுத்து மேலேற்றினார். கடல் அமைதியாக இருக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான் முத்துக்குளிப்பு நடக்கும். அதாவது, நீரோட்டத்தோடு அவர்கள் சண்டை போடவில்லை. அது அடங்கும் காலத்துக்குக் காத்திருந்தார்கள்.

ரப்பர் ஃபின்ஸ் பிறகுதான் வந்தது. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி த கோர்லியூ 1933-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்கப் படகோட்ட வீரர் ஓவன் சர்ச்சில் தயாரித்தவற்றை இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுத் தவளை மனிதர்கள் அணிந்தார்கள். 1964-ல் வந்த 'ஜெட் ஃபின்' தடித்த ரப்பரால் ஆனது, தண்ணீர் வழிந்து போகத் துளைகள் கொண்டது. 1990-களின் கடைசியில் நடுவில் பிளந்த ஃபின்ஸ் வந்தது. அது காலுக்குச் சுகம். ஆனால் வேகமான நீரோட்டத்தில் சட்டென்று ஓர் உந்து உந்த, விறைப்பான அகன்ற தகடுதான் கைகொடுக்கும் என்று பலரும் கருதுகிறார்கள். விறைப்பு அதிகமானால் கால் சீக்கிரம் சோர்ந்து கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். எனவே, தன் கால் வலுவுக்கு ஏற்ற விறைப்பும், பாதத்தில் ஆடாத பிடிப்பும்தான் சரியான தேர்வு.

நம் சங்கு குளிப்பவர்கள் இதைத் தங்கள் கையாலேயே செய்துகொண்டார்கள். விலை உயர்ந்த ஃபின்ஸ் வாங்க வழியில்லாதவர்கள் அலுமினியத் தகட்டை வெட்டிப் பாதத்தில் கட்டிக்கொண்டு மூழ்கினார்கள். விறைப்பான தகடு என்ற கணக்கு அங்கேயும் அதுதான்!

சரி, நல்ல ஃபின்ஸ் இருந்தால் எந்த நீரோட்டத்தையும் வென்றுவிடலாமா? முடியாது. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உடலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு இரண்டு கிலோமீட்டர் வேக நீரோட்டத்தையே, முதுகில் சிலிண்டரோடு வெகுநேரம் எதிர்த்து நீந்துவது கடினம். மூச்சு வாங்கும், காற்று சீக்கிரம் தீரும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

1961-ல் இலங்கையின் தென்கரைக்கு அப்பால் கிரேட் பாஸஸ் பாறைத்திட்டில் மைக் வில்சன் குழுவினர் சூரத்தில் அச்சான வெள்ளி நாணயங்களைக் கண்டெடுத்தார்கள். ஃபின்ஸ், சிலிண்டர் எல்லாம் இருந்தும், வருடத்தில் கடல் அடங்கும் சில வாரங்களில் மட்டுமே அவர்களால் அங்கே மூழ்க முடிந்தது.

ஆக, ஃபின்ஸ் தருவது சில நிமிடப் பலம். படகுக்குத் திரும்பவோ, ஒரு பாறையின் மறைவுக்குப் போகவோ அது போதும். எப்போது இறங்குவது, யார் மேலே காத்திருப்பது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஃபின்ஸ் அதற்குப் பிறகுதான். கல்லும் கயிறுமாக இறங்கிய நம் முன்னோர்கள் இதை அறிந்தே இருந்தார்கள்.