புழுவுக்குச் செய்த சோறு

எருக்கிலைப் புழுவைச் சாக்பீஸ் பெட்டியில் வளர்த்தோமே, நினைவிருக்கிறதா? மூன்றாம் நாள் செத்ததும் "நோய்" என்று சொல்லிவிட்டேன். நாம் போட்டது வாடிய இலை என்பது பிறகுதான் உறைத்தது.

அமெரிக்காவில் மக்காச்சோள வேரைத் தின்னும் புழு மண்ணுக்குள் வாழ்வது. அது எதனால் செத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நல்லவேளை, 1950களிலேயே எர்மா வாண்டர்சாண்ட் அம்மையார் பருத்தி இளஞ்சிவப்புக் காய்ப்புழுவைச் செயற்கை உணவில் வளர்த்து வழிகாட்டியிருந்தார். கடற்பாசிக் கூழில் சத்துகளைக் கலந்து தட்டில் ஊற்றுவார்கள். அதுதான் சோறு.

1998-இல் ஃபயரும் மெல்லோவும் இரட்டை இழை ஆர்.என்.ஏ. கொண்டு உருளைப்புழுவின் மரபணுவை அடக்கலாம் என்று காட்டினார்கள் (2006-இல் நோபல்). 2007-இல் மான்சான்டோ ஆய்வாளர்கள் அந்த வகை ஆர்.என்.ஏ.வை வேர்ப்புழுவின் சோற்றில் சேர்த்தார்கள். 290 மரபணுக்களைத் தட்டுத் தட்டாகச் சோதித்தார்கள். சிலவற்றில் புழுக்கள் வளராமல் செத்தன. பக்கத்துத் தட்டில் அதே சோறு, ஆர்.என்.ஏ. மட்டும் இல்லை. அங்கே புழுக்கள் வளர்ந்தன. எனக்கு அந்தத் தட்டுதான் பெரிது! அது இல்லாவிட்டால் கொன்றது சோறா, ஆர்.என்.ஏ.வா என்று யார் சொல்வது?

அந்த வழியில் உருவான மக்காச்சோளத்துக்கு 2017-இல் அமெரிக்க அரசு அனுமதி தந்தது.

அன்று புது இலையோடு இரண்டாவது பெட்டி ஒன்றை நான் வைக்கவில்லை, பிள்ளைகளே.