சுவர் கடத்திய ஒலி: செல்லுலார் சிறையும் தட்டொலி மொழியும்

போர்ட் பிளேரின் செல்லுலார் சிறையைக் கண்காணிப்பின் கட்டடமாகக் காண்பதே வழக்கம். நடுவே கோபுரம், அதனின்று விரியும் ஏழு சிறகுகள், எல்லாம் ஒருவர் பார்வைக்குள். ஆனால் அக்கட்டடம் கண்ணை மட்டுமன்றிக் காதையும் ஆள முயன்றது. அம்முயற்சி எங்கே நிறைவேறியது, எங்கே தவறியது என்பது கவனத்திற்குரியது.

1890இல் லயால், லெத்பிரிட்ஜ் ஆகிய இரு அதிகாரிகள் அந்தமான் தண்டனைக் குடியிருப்பை ஆராய்ந்து, புதிதாக வருவோரைத் தொடக்கத்தில் தனித்தடைக்கும் கடுங்கட்டம் தேவை எனப் பரிந்துரைத்தனர். அதன் விளைவாக 1896இல் தொடங்கிய கட்டுமானம் 1906இல் முடிந்தது. மூன்று தளங்கள், 690க்கும் மேற்பட்ட தனியறைகள். ஒரு சிறகின் முகப்பு அடுத்த சிறகின் முதுகை நோக்கியது; ஆகவே எதிரெதிர் முகம் என்பதே இல்லை. 1911இல் அங்குக் கொண்டுவரப்பட்ட சாவர்க்கரும், அவருக்கு முன்பே அடைக்கப்பட்டிருந்த அவருடைய அண்ணன் கணேஷும் ஒரே சிறையில் இருந்தும் நெடுநாள் நேரில் சந்திக்க இயலவில்லை.

எனினும் கைதிகள் பேசினர். சுவரைத் தட்டி, தட்டுகளின் எண்ணிக்கையால் எழுத்துகளைக் குறித்துச் செய்தி அனுப்பியமை அரசியல் கைதிகளின் நினைவுக்குறிப்புகளில் பதிவாகியுள்ளது. இதற்கு இயற்பியலில் எளிய விளக்கம் உண்டு. காற்றின்வழி வரும் ஒலி வேறு. மோதலால் கட்டடத்திற்குள்ளேயே பிறக்கும் ஒலி வேறு. கனத்த செங்கற்சுவர் பேச்சொலியைப் பெரிதும் தடுக்கும். ஆனால் தட்டினால் அதே சுவர் அதிர்ந்து, அவ்வதிர்வைத் தன்னோடு இணைந்த சுவருக்கும் தளத்திற்கும் கடத்தும். மாடிவீட்டில் மேல்தளத்தார் பேச்சு கேளாதபோதும் அவர்கள் நாற்காலியை இழுப்பது கீழே கேட்பது இதனாலேயே. இதைத் தடுக்கக் கனம் மட்டும் போதாது. தொடர்ச்சி அறுபட வேண்டும். நடைதளத்திற்கும் கட்டுமானத் தளத்திற்கும் இடையே மென்மையான அடுக்கு வேண்டும். சுவருக்கும் உறைக்கும் இடையே காற்றிடைவெளி வேண்டும்.

இவ்வறிவைச் சிறைக்குப் பயன்படுத்திய அரசும் உண்டு. 1874இல் கைதாகிப் பீட்டர்ஸ்பர்க்கின் பீட்டர்–பால் கோட்டையில் அடைக்கப்பட்ட குரோபோட்கின் தம் அறையை விவரித்துள்ளார். சுவரினின்று சில அங்குலம் தள்ளி ஓர் உறை. தரையிலும் கம்பளி போன்ற ஃபெல்ட் விரிப்பு. தட்டிப் பேசுவதைத் தடுப்பதே நோக்கம். இன்று உறக்கத்தைக் காக்கத் தளங்களுக்கிடையே வைக்கப்படும் அதே அடுக்கு, அன்று மனிதரைத் தனிமைப்படுத்த வைக்கப்பட்டது. அப்படியிருந்தும், சுற்றியிருந்த அறைகள் நிரம்பிய பின், பக்கத்து அறையாரோடும் கீழ்த்தளத்து அறையாரோடும் அவர் தட்டொலியால் உரையாடினார்.

அந்தமானில் நம்பப்பட்டவை செங்கல்லின் கனமும், சிறகுகளின் திசையமைப்பும், காவலரின் தண்டனையுமே. இவை முகத்தை மறைத்தன, குரலை அடக்கின. ஆனால் ஒருவரை அடுத்தவரிடமிருந்து பிரித்த சுவர் இருவருக்கும் பொதுவானது. அதன் இறுக்கமும் தொடர்ச்சியுமே தட்டொலிக்கு வழியாயின. சிறைக் கட்டடக்கலையின் வரலாற்றைக் கண்காணிப்புக் கோபுரத்திலிருந்து மட்டும் எழுதினால் ஆட்சியாளர் கண்டதே நமக்கும் கிட்டும். சுவரிலும் தளத்திலும் காது வைத்து எழுதும்போதுதான், கைதிகள் ஒருவரையொருவர் இழக்காதிருக்கச் செய்த முயற்சியும் அவ்வரலாற்றில் இடம்பெறும்.