இடுப்புவலி இயலாமை அளவீடு

12 வாரங்களுக்கு மேல் நீடிக்கும் கீழ்முதுகுவலி அன்றாட வேலைகளை எந்த அளவு முடக்குகிறது என்பதை நோயாளியின் பதில்களைக் கொண்டே எண்ணாக்கும் முறை. எம்ஆர்ஐ படம் இதைச் சொல்லாது. படத்தில் தேய்மானம் தெரிந்தும் வலியே இல்லாமல் நடமாடுபவர்கள் ஏராளம்.

பரவலாகப் பயன்படுவது 1980-இல் இங்கிலாந்தில் வெளியான ஆஸ்வெஸ்ட்ரி வினாத்தாள். தமிழ் வடிவம் 2014-இல் வந்தது. வலியின் கடுமை, குளித்து உடுத்துதல், பாரம் தூக்குதல், நடத்தல், உட்காருதல், நிற்றல், தூக்கம், தாம்பத்தியம், வெளிப்பழக்கம், பயணம் என 10 பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். கரையான்சாவடியில் பஸ் ஏறி அம்பத்தூர் தொழிற்பேட்டை வரை நின்றுகொண்டே போகிறவருக்கு நிற்றலும் பயணமுமே மதிப்பெண்ணை ஏற்றிவிடும். மொத்தம் 18 என்றால் 50-க்கு 36 சதவீதம்: நடுத்தர இயலாமை. தாம்பத்தியக் கேள்வியைக் கூச்சத்தால் விட்டுவிடுவது சகஜம். அப்போது 45-ஆல் வகுப்பார்கள், அதே 18 மதிப்பெண் 40 சதவீதமாகிவிடும்.

1983-இல் வந்த ரோலண்ட்–மோரிஸ் வினாத்தாள் இன்னும் எளிது: 24 வாக்கியங்களில் தனக்குப் பொருந்துவதை டிக் செய்தால் போதும்.

சிகிச்சைக்குப் பின் ஆஸ்வெஸ்ட்ரி சதவீதம் குறைந்தது 10 புள்ளி இறங்கினால்தான் உண்மையான முன்னேற்றம் எனக் கொள்வது வழக்கம்.