சியோனிச எதிர்ப்பும் யூத வெறுப்பும்

மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின் வாயிலாகத் தமிழ்நாட்டார் பெயரறிந்த எட்வின் மாண்டேகு ஒரு யூதர். பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தேசியத் தாயகம் அமைய ஆதரவளிக்கும் பால்ஃபர் அறிக்கை 1917இல் உருவாகிவந்தபோது, பிரிட்டிஷ் அமைச்சர்களுள் அதனை முனைந்து எதிர்த்தவர் அவரே. அவ்வாண்டு ஆகஸ்டில் அவர் அளித்த குறிப்புரை, அரசின் கொள்கையையே யூத வெறுப்பு எனச் சாடியது. தாயகம் வேறிடத்தில் உண்டென்று ஆகிவிட்டால், யூதர் தாம் பிறந்த மண்ணில் அயலாராக்கப்படுவர் என்பது அவரது அச்சம். சியோனிச எதிர்ப்பு யாவும் யூத வெறுப்பே என்பார்க்கு மாண்டேகு எளிதில் கடக்கவியலாத தடை. 1948இல் வீடும் நிலமும் இழந்த பாலஸ்தீனரின் எதிர்ப்போ வேறொரு பட்டறிவினின்று எழுந்தது.

மாண்டேகு அஞ்சியது போலந்தில் நிகழ்ந்தது. நிகழ்த்தியதோ, சியோனிசத்தை எதிர்ப்பதாகப் பறைசாற்றிய அரசு.

1968 ஜனவரி இறுதியில், போலந்தின் தேசியக் கவிஞர் மிட்ஸ்கியேவிச்சின் 'முன்னோர் விழவு' நாடகம் வார்சா தேசிய அரங்கில் நிறுத்தப்பட்டது. ஜார் ஆட்சியைச் சாடும் வரிகளுக்கு எழுந்த கரவொலி ஆட்சியாளரை உறுத்திற்று. (கவிதை எந்த ஆட்சியைத்தான் உறுத்தவில்லை!) மார்ச் 8 அன்று பல்கலைக்கழகத்தில் கூடிய மாணவர் தடியடி பட்டனர். அவர்களது கோரிக்கையில் இஸ்ரேல் இல்லை. கருத்துரிமையும், நீக்கப்பட்ட இரு மாணவரின் மீட்சியுமே இருந்தன. ஆயினும் இதழ்கள் 'சியோனிசவாதிகளின் சதி' என்றன. யூதப் பின்புலமுடைய மாணவர்களின் பெயர்களைப் பொறுக்கியெடுத்து அச்சிட்டன. மார்ச் 19 அன்று கட்சித் தலைவர் கோமுல்கா, கவிஞர் அந்தோனி ஸ்வோனிம்ஸ்கி 1924இல் எழுதியதை எடுத்துக்காட்டி அவரது நாட்டுப்பற்றை ஐயுற்றார். ஸ்வோனிம்ஸ்கியோ குழந்தைப் பருவத்திலேயே திருமுழுக்குப் பெற்றவர். போலிஷ் மொழியிலேயே பாடியவர். 'சியோனிசவாதி' எனும் சொல் அங்கே கொள்கையைக் குறிக்கவில்லை, பிறப்பைக் குறித்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 13,000 பேர் வெளியேறினர். அவர்கள் கையில் தரப்பட்ட பயண ஆவணம், அதனை உடையவர் போலந்தின் குடிமகன் அல்லர் என்று உரைத்தது.

இக்கால அரசியலில் வழக்கு வரையறைகளின்மேல் நடக்கிறது. பன்னாட்டுப் பேரழிவு நினைவுக் கூட்டமைப்பின் 2016ஆம் ஆண்டு வரையறை, யூத மக்களின் தன்னுரிமையை மறுப்பதை வெறுப்பின் எடுத்துக்காட்டுகளுள் சேர்க்கிறது. 2021இன் ஜெருசலேம் பிரகடனம், சியோனிசத்தை எதிர்ப்பது தன்னளவில் வெறுப்பாகாது என்கிறது. ஆயின் இஸ்ரேலின் செயலுக்கு எல்லா யூதரையும் பொறுப்பாக்குவது வெறுப்பே என்கிறது. 1968இன் வார்சாவைப் பிடிக்க இப்பின்னைய வாசகமே போதும்.

ஸ்வோனிம்ஸ்கி வெளியேறவில்லை. 1976இல் வார்சாவிலேயே மறைந்தார்.