பெயரிலேயே இருந்த அரிப்பு

குற்றாலம்னா நமக்கு ஞாபகம் வர்றது சாரல், எண்ணெய் மசாஜ், பார்டர் பரோட்டா. இன்னொரு கூட்டமும் ரொம்ப காலமா அங்கே வருது: தோல் நோய் உள்ளவங்க. மூலிகைக்குள்ள புகுந்து வர்ற தண்ணி பட்டா படையெல்லாம் போயிரும்னு ஒரு நம்பிக்கை. நான் தென்காசிக்காரன், இதைக் கேட்டே வளர்ந்தவன். அருவித் தண்ணி சொரியாசிஸைக் குணமாக்காது. அதை முதல்லயே சொல்லிடறேன்.

சொரியாசிஸ் இருக்கிற என் காலேஜ் நண்பன் ஒருத்தன் ஐந்தருவி வரைக்கும் வந்துட்டு, சட்டையைக் கழட்டாமலே நின்னான். ஊர் பார்க்கிற பார்வை ஒரு பக்கம். அதைவிட ராத்திரி நமைச்சல்தான் தன்னைக் கொல்லுதுன்னு சொன்னான். தூக்கம் கிடையாது, விடிஞ்சா படுக்கை விரிப்புல ரத்தப் புள்ளி, பத்து மணி மீட்டிங்ல கண்ணு சொருகும்.

இந்த அரிப்புக்கு ஒரு விசித்திரமான வரலாறு இருக்கு. சொரியாசிஸ்ங்கிற பேரே 'சோரா' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அர்த்தம்: அரிப்பு. ஆனா மருத்துவம் பல நூற்றாண்டு கவலைப்பட்டது வேற ஒண்ணைப் பத்தி, இது தொழுநோயா இல்லையான்னு. 1841-ல் வியன்னாவில் ஃபெர்டினாண்ட் வான் ஹெப்ரா ரெண்டையும் தெளிவாகப் பிரிச்சார். நம்ம பக்கமும் யூகி முனிவர் பேரில் வழங்கும் வைத்திய சிந்தாமணி 18 வகைக் குட்டம் சொல்லுது. குட்டம்ங்கிறது அப்போ பல தோல் நோய்களைப் போட்டு வைக்கிற ஒரு பெரிய ஃபோல்டர். சொரியாசிஸை இன்னைக்கு சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப்படைன்னு சொல்றாங்க.

1978-ல் 'பாஸி'ன்னு ஒரு அளவுகோல் வந்தது. சிவப்பு, தடிப்பு, செதில், உடம்புல எவ்வளவு பரப்பு. இதை வெச்சு 0-லிருந்து 72 வரைக்கும் மார்க். மருந்து ஆய்வுகள் பெரும்பாலும் இதைத்தான் நம்பின. அரிப்புக்கு அதில் இடமே இல்லை! லாக்ல பதியாத பக் டாஷ்போர்டுல எப்படி வரும்? உள்ளங்கை அளவு படை உள்ளவனுக்கு பாஸி மார்க் ரொம்பக் குறைவு, 'லேசான நோய்'. அவன் மூணு ராத்திரி தூங்கலைங்கிறது எந்தக் கணக்குலயும் கிடையாது.

1994-ல் பிரிட்டனில் கார்டிஃப் நகரத்துத் தோல் மருத்துவர் ஆண்ட்ரூ ஃபின்லேயும் கானும் ஒரு கேள்வித்தாள் கொண்டு வந்தாங்க: டிஎல்க்யூஐ. பத்தே கேள்வி, பதில் சொல்றது நோயாளி. முதல் கேள்வியே, போன வாரம் உங்க தோல் எவ்வளவு அரிச்சது, வலிச்சது, எரிஞ்சதுங்கிறதுதான். அதுக்கப்புறம் நடந்த ஆய்வுகளில் சொரியாசிஸ் உள்ளவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அரிப்பு இருக்குன்னு திரும்பத் திரும்பத் தெரிஞ்சது.

சொறிஞ்சா சுகம்தானேன்னு விடவும் முடியாது. தோல் காயப்பட்ட இடத்துலயே புதுப் படை வரலாம். 1870-களிலேயே ஹைன்ரிக் கோப்னர் கவனிச்சது இது. அதனாலதான் அருவிக்கரையில பளார் பளார்னு அடிச்சுத் தேய்க்கிற மசாஜ் இவங்களுக்கு வேண்டாம்னு சொல்வேன். மெதுவா எண்ணெய் தடவுறது வேற. வறட்சி குறையும், செதில் இளகும்.

எங்க பக்கம் அந்த எண்ணெய் பெரும்பாலும் வெட்பாலைத் தைலம். இலையைத் தேங்காய் எண்ணெயில போட்டு வெயில்ல வெச்சா கருஊதா நிறமாயிரும். (வெட்பாலையோட தாவரவியல் பேர் ரைட்டியா. குற்றாலத்துல செடி சேகரிச்ச ராபர்ட் வைட் பேர்னு நினைச்சுக்காதீங்க, அது வில்லியம் ரைட்ங்கிற வேறொரு ஸ்காட்லாந்து மருத்துவர்.) அந்த ஊதாக் கறை துணியில பட்டா லேசுல போகாது. என் நண்பன் வெள்ளைச் சட்டை போடறதை விட்டு ரொம்ப நாளாச்சு. டிஎல்க்யூஐ-ல நாலாவது கேள்வி, உடுத்துற துணியைப் பத்தித்தான்.