பச்சையாகிவிட்டால் போதுமா?

சுரங்கம் மூடப்பட்ட பிறகு நிலத்தைச் சமன்செய்து செடிகொடி வளர்ப்பதை ‘நில மீட்பு’ என்கிறோம். யாரிடமிருந்து மீட்கிறோம், யாருக்காக மீட்கிறோம் என்பதை இந்தச் சொல் சொல்வதில்லை. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், அப்பலாச்சிய மலைகளின் நிலக்கரி வரலாற்றை நான் வாசித்தது இந்தக் கேள்வியோடுதான். நில மீட்பின் கதை பெரும்பாலும் சட்டங்களின் கதையாக, பொறியாளர்களின் கதையாக எழுதப்படுகிறது. அந்தச் சட்டம் வருவதற்கு முன்னால் புல்டோசர்களின் எதிரே போய் உட்கார்ந்த பெண்களிலிருந்து நான் தொடங்க விரும்புகிறேன்.

அதற்கு முதலில் ஒரு பத்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் முகவர்கள் இந்த மலைக்குடும்பங்களிடம் கனிம உரிமையை எழுதி வாங்கினார்கள். மேலே உள்ள நிலம் உங்களுக்கு, கீழே உள்ளது எங்களுக்கு என்பதே அதன் சாரம். எழுதப் படிக்கத் தெரியாத பலர் கையெழுத்துக்குப் பதில் குறி மட்டும் இட்டார்கள். அன்று சுரங்கம் என்றால் மலையைக் குடைந்து உள்ளே போவது. ஒரு நாள் இயந்திரங்கள் வந்து மலையின் மேற்புறத்தையே வழித்தெடுக்கும் என்று அவர்கள் எப்படி நினைத்திருக்க முடியும்? 1956இல் கென்டக்கியின் உயர்மட்ட நீதிமன்றம் அதே பழைய பத்திரங்களைக் காட்டி, நிலச் சொந்தக்காரரின் சம்மதம் இல்லாமலே நிறுவனம் மேல்நிலத்தை வெட்டி எடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது.

நிலத்தை மேல், கீழ் என்று பிரித்த இந்தப் பத்திரத்தில் நான் ஆண், பெண் வேலைப் பிரிவினையையும் காண்கிறேன். கீழே இருந்தது ஆண்களின் சம்பளம். பெண் உள்ளே வந்தால் சுரங்கத்துக்குக் கெடுதல் என்ற நம்பிக்கை வலுவாக இருந்தது. பெண்கள் நிலத்தடிச் சுரங்க வேலைக்குள் உரிமையோடு நுழைந்தது 1970களில்தான். மேலே இருந்தவை தோட்டம், கிணறு, கோழி, ஓடை, குடும்பக் கல்லறை. அங்கே பெண்கள் செய்த வேலைக்குக் கூலி இல்லை. ஆகவே எந்தக் கணக்கிலும் அது வரவில்லை. மேல்நிலம் சரிந்தபோது முதலில் போனது அவர்கள் உழைத்த இடம்.

1965 நவம்பரில் நாட் கவுண்டியில் ஆலி கோம்ஸ் என்ற 61 வயதுப் பெண் தன் வீட்டுக்கு மேலே மலையை வெட்ட வந்த புல்டோசரின் முன் உட்கார்ந்தார். காவலர்கள் அவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிச் சென்றார்கள். நன்றி தெரிவித்தல் நாள் விருந்தை அவர் சிறையில் உண்டார். அந்தப் புகைப்படங்கள் நாடெங்கும் பரவின. மறு ஆண்டே கென்டக்கி மாநிலம் திறந்தவெளிச் சுரங்கங்கள் மீதான கட்டுப்பாட்டை இறுக்கியது. பத்திரிகைகளில் அவர் பெயர் ‘விதவை கோம்ஸ்’. புல்டோசரை நிறுத்திய பெண்ணையும், இறந்துபோன கணவனை வைத்துத்தான் அடையாளம் சொன்னார்கள்.

அவர் தனியாள் இல்லை. 1972 ஜனவரியில் அதே கவுண்டியில் சுமார் 20 பெண்கள் ஒரு திறந்தவெளிச் சுரங்கத்துக்குள் புகுந்து வேலையை நிறுத்தினார்கள். அடுத்த மாதம், பிப்ரவரி 26 அன்று, பக்கத்து மாநிலமான மேற்கு வர்ஜீனியாவின் பஃபலோ கிரீக்கில் நிலக்கரிக் கழிவால் எழுப்பிய அணை உடைந்து 125 பேர் இறந்தார்கள். 1977 ஆகஸ்ட் 3 அன்று, நாடு முழுவதற்குமான திறந்தவெளிச் சுரங்கக் கட்டுப்பாட்டு, நில மீட்புச் சட்டத்தில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார்.

சட்டம் நல்லதையே கேட்டது. மலையை ஏறக்குறையப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். நிலையான தாவரப் போர்வை வேண்டும். அதுவரை நிறுவனத்தின் பிணைத்தொகை அரசிடம் இருக்கும். மழை மிகுந்த கிழக்குப் பகுதிகளில் செடிகளுக்கான பொறுப்புக் காலம் 5 ஆண்டுகள். ஆனால் எதை அளக்கிறோமோ அதைத்தான் வளர்ப்பார்கள். மண் சரியக் கூடாது என்று புல்டோசர்கள் திரும்பத் திரும்ப ஓடி நிலத்தை இறுக்கின. அதன்மேல் ஃபெஸ்க்யூ புல்லையும், கிழக்காசியாவிலிருந்து வந்த லெஸ்பெடீசாவையும் விதைத்தார்கள். சீக்கிரம் பச்சையாகும், செலவும் குறைவு. பிணைத்தொகை திரும்பியது. காடு திரும்பவில்லை. இறுகிய மண்ணில் மரத்தின் வேர் இறங்கவில்லை, மழைநீரும் இறங்கவில்லை.

சட்டத்தில் விலக்கும் இருந்தது. பயனுள்ள வேறு வளர்ச்சி வரும் என்றால் மலையுச்சியைத் தட்டையாகவே விட்டுவிடலாம். மார்ட்டின் கவுண்டியில் பழைய சுரங்க நிலத்தின் மேல் கூட்டாட்சி அரசு ஒரு சிறைச்சாலையைக் கட்டியது. கட்டும்போதே நிலம் அமுங்கியது. ஒரு மலை சிறையாக மாறியதையும் ‘பயன்’ என்ற சொல் உள்ளே இழுத்துக்கொள்கிறது. காட்டின் நிழலில் மட்டுமே வளரும் ஜின்செங் வேர், வசந்தத்தில் பறிக்கும் காட்டுக் கீரைகள், ஓடைத் தண்ணீர் ஆகியவற்றுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

2004இல் அரசு அலுவலர்களும் காட்டியல் அறிஞர்களும் சேர்ந்து அப்பலாச்சிய மறுகாடாக்க முயற்சியைத் தொடங்கினார்கள். குறைந்தது 4 அடி ஆழத்துக்கு மண் பொலபொலவென்று இருக்க வேண்டும், புல்லைக் குறைத்து மண்ணுக்குரிய மரங்களை நட வேண்டும் என்றார்கள். ஏற்கெனவே இறுகிய நிலங்களை இயந்திரக் கொழுக்களால் ஆழக் கிழித்தார்கள். பூஞ்சை நோயால் 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஏறக்குறைய அழிந்துபோன அமெரிக்கச் செஸ்நட் மரத்தின் நோய் தாங்கும் கலப்பினக் கன்றுகளையும் இந்நிலங்களில் நட்டுப் பார்க்கிறார்கள். இந்த அறிவியலை நான் மதிக்கிறேன். அதே சமயம், மிதித்து இறுகிய மண்ணில் செடி பிடிக்காது என்பது கொல்லையில் அவரை போடும் எந்தப் பெண்ணுக்கும் தெரியும். மலைகளின் பெண்களை உட்கார வைத்துக் கேட்டிருந்தால் 27 ஆண்டுகள் மிச்சமாகியிருக்கலாம்.

பழைய பத்திரம் அதற்கும் முன்பே ஆட்டம் கண்டது. நிலச் சொந்தக்காரரின் சம்மதமில்லாமல் மேல்நிலத்தை வெட்டக் கூடாது என்ற அரசமைப்புத் திருத்தத்துக்கு 1988இல் கென்டக்கி வாக்காளர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆதரவளித்தார்கள். 1993இல் நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆலி கோம்ஸ் மண்ணில் உட்கார்ந்து 28 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதனால் ‘மீட்கப்பட்டது’ என்ற அறிவிப்பைப் பார்க்கும்போது நான் புல்லின் நிறத்தோடு நின்றுவிடுவதில்லை. அந்த நிலத்தில் கூலியில்லாமல் உழைத்தவர்கள் யார், அவர்கள் இழந்தவற்றின் பட்டியலை யார் எழுதினார்கள், புதிய பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று தேடுகிறேன். கிணற்றுத் தண்ணீர் குடிக்க உகந்ததா என்பதைச் சான்றிதழ் தரும் அதிகாரி மட்டும் சொன்னால் போதாது. தினமும் அதை இறைப்பவளும் சொல்ல வேண்டும்.